லைற் போன காரும் மண்ணிறக் குட்டியும்

எங்கள் காரின் இடதுபக்க லைற் ஒரு மாதமாக எரியவில்லை. பல்ப்பில் பிழை இல்லை, அதற்குப் போகிற வயரில்தான் எங்கேயோ தொடுப்பு விட்டிருக்கிறது என்று என் கணவர் சொன்னார். அறுவடை முடிந்ததும் கராஜில் காட்டுவோம் என்றார். வலதுபக்கம் நன்றாக எரிந்தது. நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரவில் கார் ஓடும் தேவை எனக்கு அதிகம் வருவதில்லை.

அன்றும் பொழுதோடு திரும்பிவிடும் எண்ணத்தில்தான் துணுக்காயிலிருந்து பூவரசங்குளத்துக்குப் போனோம். அங்கே என் தங்கச்சி இருக்கிறாள். என்னோடு வந்தது மச்சாள், என் கணவரின் தமக்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். யாரையும் லேசில் நம்பாதவர். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நேரம் கேட்டால்கூடக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்வார். அவரை அப்படி ஆக்கியது எது என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அவர் வயதுக்காரரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

தங்கச்சியின் ஆடு மூன்று குட்டி போட்டு, மூன்றும் பால் மறந்துவிட்டிருந்தன. மச்சாள் பார்த்த பார்வையிலேயே தங்கச்சிக்கு விளங்கிவிட்டது. பெட்டைக் குட்டி ஒன்றைக் கொண்டுபோகச் சொன்னாள். மண்ணிறத்தில் பளபளவென்று இருந்தது. பிடிக்கப் போனால் அது வேலிக்குள்ளால் அடுத்த வளவுக்கு ஓடியது. அந்த நேரம் பார்த்து மழையும் வந்தது. மழைக்குள் ஓடிக் கலைத்துப் பிடித்து, கழுத்துவரை சாக்குக்குள் விட்டுக் கட்டி, பின் சீற்றின் காலடியில் வைத்துப் புறப்படும்போது பொழுது சரிந்துவிட்டது.

மாங்குளத்தில் இடதுபக்கம் திரும்பும்போது நல்ல இருட்டு. அந்த வீதியில் காடு இரண்டு பக்கமும் நெருங்கி வரும் ஒரு துண்டு உண்டு. யானை குறுக்கே நிற்கும் என்று பயந்துதான் அதில் எல்லோரும் ஓடுவார்கள். அந்தத் துண்டில் வைத்துத்தான் வலதுபக்க லைற்றும் போனது. மினுங்கவுமில்லை, மங்கவுமில்லை. முன்னால் இருந்த வீதி திடீரென்று இல்லாமல் போனது. பிரேக்கை அமத்திக் கரையில் நிறுத்தினேன். குட்டி பின்னால் உருண்டிருக்க வேண்டும், ஒரு முறை கத்தியது.

“என்ன, யானையோ?” என்றார் மச்சாள்.

“இல்லை மச்சாள். பல்ப் எரிஞ்சிட்டுது.”

இடதுபக்கத்தில் பல்ப் நல்லது, வயர்தான் பிழை. வலதுபக்கத்தில் வயர் நல்லது, பல்ப்தான் பிழை. இடதுபக்கத்துப் பல்ப்பைக் கழற்றி வலதுபக்கத்தில் போட்டால் சரி. அது எனக்கு உடனே விளங்கியது. என் கணவர் பல்ப் மாற்றும்போது பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போன் வெளிச்சத்தில் பொனற்றைத் திறந்து, லைற்றின் பின்புறம் இருந்த இறப்பர் மூடியைத் தடவினேன். இன்னும் சுட்டது. சற்றுப் பொறுக்கலாம் என்று நிமிர்ந்தபோது, நாங்கள் வந்த பக்கத்தால் ஒரு மோட்டார் சைக்கிள் வெளிச்சம் வந்தது.

எங்களைக் கடந்து போகவில்லை. கூப்பிடு தூரத்தில் நின்றது. நின்றதும் லைற்றையும் நிறுத்திவிட்டது. எஞ்சின் சத்தமும் நின்றது.

உதவி செய்ய வருகிறவன் லைற்றை ஏன் நிறுத்த வேண்டும்? நான் போன் வெளிச்சத்தை அணைத்தேன். இருட்டுக்குள் ஒருவர் பேசுகிற குரல் கேட்டது. மற்றக் குரல் கேட்கவில்லை. போனில் பேசுகிறார் என்று தெரிந்தது. யாரையோ வரச் சொல்கிறார்.

“பொனற்றைப் பூட்டும். ஏறும்,” என்றார் மச்சாள் மெதுவாக. “இனி இதிலை நிக்கேலாது.”

சின்ன பார்க்கிங் லைற்றை மட்டும் போட்டுக்கொண்டு, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பிடித்து ஊர்ந்தேன். அந்த வெளிச்சத்தில் தார் விளிம்புகூடத் தெரியவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளும் கிளம்பியது. நான் மெதுவாக்கினால் அதுவும் மெதுவாக்கியது. கொஞ்சத் தூரம் இப்படிப் போனோம். மச்சாள் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி வாய்க்குள் போட்டுக்கொண்டார். பிறகு அது சடாரென்று எங்களை முந்திப் போய், வீதிக்குக் குறுக்கே நின்றது.

இறங்கி வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் சாரம், தோளில் துவாய், கையில் நீளமான ரோச் லைற். அந்த வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தார். பிறகு மச்சாளின் முகத்தில். பிறகு பின் சீற்றுப் பக்கம். அங்கே துணிப்பைகளுக்கும் குட்டிக்கும் மேலே ஒரு பழைய சேலையைத் தங்கச்சி போர்த்திவிட்டிருந்தாள்.

“எங்கை போறியள்?”

“துணுக்காய்க்கு.”

“லைற்றை நிப்பாட்டிப்போட்டு ஏன் ஓடுறியள்?”

“நிப்பாட்டேல்லை. பல்ப் எரிஞ்சு போட்டுது.”

“இவ்வளவு நேரமும் எரிஞ்சது. என்னைக் கண்டதும் போட்டுதோ?”

“உங்களைக் காண முதலே போட்டுது,” என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

“காருக்குள்ளை என்ன கிடக்கு?”

நான் சொல்ல வாயெடுக்க முன்னமே மச்சாள் என் தொடையில் கிள்ளினார். தோட்டை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, “ஒண்டுமில்லைத் தம்பி. உடுப்பும் கொஞ்சச் சாமானும்,” என்றார்.

அந்தச் சொல் முடியவில்லை. சேலைக்குக் கீழேயிருந்து குட்டி நீளமாகக் கத்தியது.

அவர் வெளிச்சத்தைச் சேலையில் அடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

“இறங்குங்கோ,” என்றார்.

அதற்குள் எதிர்ப்பக்கத்தால் ஒரு உழவு இயந்திரம் வந்தது. அது இழுத்து வந்த பெட்டியில் நாலைந்து பேர். அவர்கள் பேசிய பேச்சிலிருந்துதான் விஷயம் விளங்கியது. அந்தக் காட்டுத் துண்டின் இரு பக்கமும் உள்ள குடிமனைகளில் சில வாரங்களாக ஆடு மாடு களவு போகிறது. லைற்றை நிறுத்திக்கொண்டு இரவில் ஒரு கார் வருகிறதாம். ஆளை யாரும் கண்டதில்லை. காரின் நிறத்தைக்கூட ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவர்கள் தேடியது அந்தக் காரை. அகப்பட்டது எங்கள் கார்.

எனக்கு அதுவும் முழு நம்பிக்கையாக இல்லை. களவு பிடிக்க வந்தவர்கள் என்று களவெடுக்க வந்தவர்களும் சொல்லலாம்தானே. காரைச் சுற்றி நின்றவர்களில் ஒருவன் டிக்கியைத் தட்டிப் பார்த்தான். இன்னொருவன் இலக்கத் தகட்டைப் போனில் படம் எடுத்தான். நானும் போனை எடுத்து அவர்களைப் படம் எடுக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

“இது என்ரை தங்கச்சி குடுத்த குட்டி. பூவரசங்குளத்திலையிருந்து வாறம். இந்தாங்கோ, அவளோடை கதையுங்கோ,” என்று தங்கச்சியின் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தேன்.

மோட்டார் சைக்கிள்காரர் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். தங்கச்சி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. போனைத் திருப்பித் தந்துவிட்டு, “அங்காலை ஆரும் இருந்து ஓமெண்டு சொல்லலாம் அக்கா,” என்றார். “குடுத்ததெண்டால் அந்த அம்மா ஏன் ஒண்டுமில்லையெண்டு சொன்னவா?”

மச்சாள் தலையைத் திருப்பிக்கொண்டார். தோடு இன்னும் வாய்க்குள்தான் கிடந்தது.

உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து ஒரு பெண்ணை இறக்கிவிட்டார்கள். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. அவருடைய குட்டி ஒன்று அதற்கு முந்திய கிழமை களவு போயிருந்தது. மண்ணிறம், பெட்டை.

குட்டியைச் சாக்கோடு எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். கட்டை அவிழ்த்து, உழவு இயந்திரத்தின் வெளிச்சத்தில் காதைப் புரட்டிப் பார்த்தார். மலைநாட்டுப் பக்கத்தில் இருந்து வந்து குடியேறியவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“காதுல குறி இல்லைங்க. ஆனா எங்க குட்டிக்கும் இன்னும் குறி வெட்டல.”

“வேறை அடையாளம்?” என்றார் மோட்டார் சைக்கிள்காரர்.

“பின்னங்கால் குளம்புக்கு மேல வெள்ளையா இருக்கும்.”

எங்களுடையது மழைக்குள் ஓடிப் பிடிபட்ட குட்டி. நாலு காலும் முழங்கால்வரை சேறு காய்ந்து கிடந்தது. அந்தப் பெண் விரலால் சுரண்டிப் பார்த்தார். சேற்றின் கீழே என்ன நிறம் என்று அந்த மஞ்சள் வெளிச்சத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. கீழே விட்டு, நாக்கை மேலண்ணத்தில் அடித்துக் கூப்பிட்டார். குட்டி அவரைப் பார்க்கவுமில்லை. நேரே மச்சாளிடம் போய் அவர் கைப்பையை முட்டியது.

“பாருங்கோ, எங்கடை குட்டி,” என்றேன்.

“வழியிலை பிஸ்கற் குடுத்தியளோ?”

குடுத்துத்தான் இருந்தோம். கைப்பைக்குள் மிச்சமும் இருந்தது.

“என்னுதுன்னு சத்தியமா சொல்ல முடியலைங்க,” என்றார் அந்தப் பெண். “இல்லைன்னும் சொல்ல முடியல.”

ஆண்கள் தள்ளிப்போய் நின்று பேசினார்கள். பொலிசுக்குப் போவோம் என்றான் ஒருவன். போகலாம், பொலிசுக்கே போவோம் என்று நான் உரத்துச் சொன்னேன். அது கொஞ்சம் வேலை செய்தது. கடைசியில், வீடுவரை கூட வந்து பார்ப்பது, வீட்டுக்காரர் எங்களை அடையாளம் சொன்னால் விடுவது என்று முடிவானது. வீட்டைக் காட்ட வேண்டாம் என்று மச்சாள் கண்ணால் சொன்னார். வேறு வழி இருக்கவில்லை.

“அப்ப பல்ப்பை மாத்துறன். இருட்டிலை ஓடேலாது,” என்றேன்.

மோட்டார் சைக்கிள்காரர் ரோச் லைற்றைப் பிடித்தார். எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டுவதைவிட என் கைகளைக் காவல் காப்பதுபோலத்தான் பிடித்தார். நான் இடதுபக்க இறப்பர் மூடியைக் கழற்றி, வயர்ச் செருகியை இழுத்து, பல்ப்பைப் பிடித்திருந்த கம்பியை விடுவித்தேன். கண்ணாடியில் விரல் படக்கூடாது, பட்டால் சூட்டில் சீக்கிரம் எரிந்துவிடும். மச்சாளின் கைலேஞ்சித் துணியால் சுற்றி வெளியே எடுத்தேன். வலதுபக்கத்துப் பல்ப்பைக் கழற்றியபோது அதன் கண்ணாடிக்குள் கரிப்புகை படிந்திருந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

“பாருங்கோ. நான் நிப்பாட்டேல்லை.”

வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே அறுந்த இழை கலகலத்தது. “ம்,” என்றார். பிறகு, “வேகமாத்தான் மாத்துறியள். பழக்கமோ?” என்றார். அதையும் சந்தேகத்தோடுதான் கேட்டார்.

நல்ல பல்ப்பை வலதுபக்கத்தில் மாட்டி, சாவியைத் திருப்பி லைற்றைப் போட்டேன். எரிந்தது. முன்னால் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விலகினார்கள்.

மோட்டார் சைக்கிள் முன்னால், நாங்கள் நடுவில், உழவு இயந்திரம் பின்னால் என்று துணுக்காய்வரை போனோம். வீட்டு வாசல் படலையடியில் நாய் என் காரின் சத்தத்துக்கு வாலாட்டிக்கொண்டு ஓடிவந்து, மற்றவர்களைக் கண்டு குரைத்தது. இவர் உள்ளேயிருந்து மண்வெட்டியோடு வந்தார்.

“என்னப்பா இது? ஆர் இவை?”

“நான் உங்கடை மனிசியெண்டு சொல்லுங்கோ,” என்றேன்.

அவர் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஏதோ கரைச்சல் கொடுத்துத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, உடனே பதில் சொல்லாமல் நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள்காரரின் ரோச் லைற் மறுபடி என் முகத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டு ஐயா வேலியால் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, இப்பதான் வாறியளோ?” என்று என்னிடம் கேட்ட பிறகுதான் அது கீழே இறங்கியது.

தேத்தண்ணி குடிக்கச் சொன்னோம். மறுத்துவிட்டார்கள். “குறை நினையாதேங்கோ” என்று ஒருவன் மட்டும் சொல்லிவிட்டு ஏறினான். மச்சாள் தோட்டைத் துப்பி எடுத்துக் கழுவிவிட்டு, அன்றிரவு குட்டியைக் குசினிக்குள் கட்டினார்.

அடுத்த நாளே இவர் இரண்டு பல்ப் வாங்கி வந்தார். வயரையும் கராஜில் காட்டிச் சரிசெய்தார்.

இரண்டு கிழமையின் பின் ஒரு முற்பகலில் அந்தப் பெண் எங்கள் படலையில் நின்றார். பஸ்ஸில் வந்திருக்கிறார். இந்தப் பக்கம் வயல் வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்க வந்ததாகச் சொன்னார். அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. அவர் கண் என்னைத் தாண்டிக் கொட்டில் பக்கம் போவதையும் கண்டேன்.

“வாங்கோ, குட்டியைப் பாருங்கோ,” என்றேன்.

அவர் கூச்சத்தோடு வந்து குனிந்தார். குட்டி கழுவித் துடைத்து இருந்தது. பின்னங்கால்கள் குளம்புவரை மண்ணிறம்தான். ஒரு வெள்ளை மயிர் இல்லை. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். மற்றதையும் தூக்கிப் பார்த்தார். அவரே கண்ணால் கண்டதும், எனக்கு அதுவரை நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கியது. அவர் முகத்தைப் பார்த்தபோது, அவர் பஸ் ஏறி வந்தது எங்களைப் பிடிக்க அல்ல என்று தெரிந்தது. எங்கள் குட்டி அவருடையதாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் வந்திருக்கிறார்.

“இல்லைங்க,” என்றார். “எங்களுது இல்லைங்க.”

இந்த முறை தேத்தண்ணி குடித்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் படியில்தான் இருந்தார். அவருடைய குட்டி எப்படிக் கூப்பிட்டால் வரும், என்ன தின்னும் என்றெல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சாள் குசினி வாசலைவிட்டு அசையவில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது மச்சாள் கொட்டிலுக்குள் நின்று, குட்டியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“இப்ப வீடும் தெரியும், குட்டி கட்டியிருக்கிற இடமும் தெரியும்,” என்றார்.

“மச்சாள், அந்த மனிசி பாவம்.”

“பாவம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லையே,” என்று சொல்லிவிட்டு, முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.