ஈர உத்தரத்தில் செருகிய பூ

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மொட்டுக்கு அடியில் நுழைந்து, நகம் படாமல் கிள்ளி எடுத்தன. விரிந்த பூவை யாரும் பறிப்பார்கள். நாளைக்கு விரியப்போகிற மொட்டை அடையாளம் கண்டு பறிப்பதுதான் வேலை. எண்ணெய்க்குச் சிவப்பு அதிலிருந்துதான் இறங்கும். விரலிடையே நசுக்கினால் ரத்தம்போலக் கசிய வேண்டும். கசியாத செடியை விட்டுவிட்டு அந்தக் கைகள் அடுத்ததற்குப் போயின. மணல்மேட்டுக்குப் பின்னால், பைன் மரங்களின் ஓரத்தில், பனி உலர்ந்து வெயில் ஏறியிருந்தது. விரல்நுனிகள் எல்லாம் கருஞ்சிவப்பு.

"என்ன அல்வீனே, கோழி அறுத்துட்டு வந்தவ மாதிரி இருக்கே?" என்றாள் பண்டிகைக்காகப் பிர்ச் மரக்கிளை ஒடிக்க வந்த பக்கத்து வீட்டு கிரியேத்தா.

"உன் சேவலைத்தான் தேடுறேன். அது கத்துற கத்துக்கு என்னைக்கோ அறுத்திருக்கணும்," என்றாள் அல்வீனே, நிமிராமல்.

உள்நாட்டுப் பண்ணையிலிருந்து இந்த மீனவர் கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். மீன் செதில் சீவத் தெரியாதவள் என்று சிரித்தார்கள். தூண்டில் முள் ஏறிக் கணவனின் கை சீழ் பிடித்தபோது, ரத்தப்பூண்டு என்று எல்லோரும் சொல்லும் இந்தச் செடியை ஆளிவிதை எண்ணெயில் ஊறப்போட்டாள். முதல் வருஷம் பூசணம் பூத்தது. மறுவருஷம் மொட்டுகளை ஒருநாள் வாடவிட்டுப் போட்டு, சீசாவைத் தெற்கு ஜன்னலில் வைத்தாள். கோடை முடிவதற்குள் சிவந்துவிட்டது. கணவன் பிறகு நெஞ்சுச்சளியில் போனான், எண்ணெய் மட்டும் நிலைத்துவிட்டது. இந்தக் கரையில் அவளுடைய சீசா இல்லாமல் படகு கிளம்பாது. கயிறு அறுத்த கைக்கும், மீன் புகைபோடும் கொட்டகையில் சுட்டுக்கொண்ட விரலுக்கும் அதுதான் மருந்து. மனசு இருண்டு கிடப்பவர்களுக்குக் காய்ந்த பூவைக் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டு வெயிலில் நின்றால் திட்டுவாள். அந்தச் செடியை மேய்ந்த வெள்ளைமூஞ்சி ஆடுகளின் மூக்கு வெந்துபோனதைக் கண்ணால் பார்த்தவள்.

போன இலையுதிர்காலத்தில் அவளுடைய ஒரே மகன் ரூடிஸ் கடலிலிருந்து திரும்பவில்லை. படகில் போனது இரண்டு பேர். திரும்பி வந்த அன்சிஸ், "மூடுபனியா இருந்துச்சுக்கா. திரும்பிப் பாத்தேன், ஆளைக் காணோம்," என்றதோடு சரி. உடல் ஒதுங்கவில்லை. அன்சிஸ் அதற்குப் பிறகு படகேறவும் இல்லை, அவள் வாசலை மிதிக்கவும் இல்லை. ஏதாவது கப்பல் தூக்கியிருக்கும், சுவீடன் கரையில் எங்காவது கிடப்பான் என்று அல்வீனே சொல்லிக்கொண்டிருந்தாள். லியெபாயா நகரத்து மீன் ஆலையில் மருமகள் மில்டாவுக்கு அவளுடைய அக்கா ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள். நடுக்கோடையில் வரும் யானிப் பண்டிகை கழிந்ததும் கிளம்புவதாக மூட்டை கட்டியாயிற்று.

யானி அன்று சாயங்காலம் கரையில் தீ மூட்டினார்கள். ஆண்கள் தலையில் ஓக் இலை வளையம், கையில் பீர், சீரகம் போட்ட பாலாடைக்கட்டி. மாமியாரும் மருமகளும் போகவில்லை. அல்வீனே ரத்தப்பூண்டுத் தண்டுகளோடு முக்காலியில் ஏறினாள். யானி வழக்கப்படி வீட்டில் ஆளுக்கொன்றாக உத்தர விரிசலில் செருக வேண்டும். யார் தண்டு முதலில் வாடுகிறதோ அவருக்கு அடுத்த யானி இல்லை. வாடாமல் நிற்பவருக்கு ஆயுசு கெட்டி.

"மூணு எதுக்கு அத்தை?"

"வீட்டுல மூணு பேருதானே?"

மில்டா முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மில்டாவின் தண்டு இரண்டு நாளில் தலை சாய்ந்தது. அல்வீனேயுடையது சருகானது. ரூடிஸின் தண்டில் மட்டும் புதிதாக ஒரு பூ விரிந்தது. அல்வீனே கிரியேத்தாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். மருமகள் பக்கம் திரும்பினாள்.

"மூட்டையை அவிழுடி. அவன் வந்து கதவைத் தட்டுறப்போ பொண்டாட்டி இல்லாத வீட்டையா பாப்பான்?"

"உங்க பூ வாடினதுக்கு நீங்க பயப்படலையா அத்தை?"

"எனக்கென்ன, வயசாச்சு. நீ சின்னவ, உனக்குப் பூ பொய் சொல்லும். அவிழு."

மில்டா அவிழ்த்தாள். மறுநாள் அன்சிஸ் வீட்டுக்கு நடந்துபோய்விட்டு வந்தாள்.

மத்தியானம் அன்சிஸ் வந்து வாசலில் நின்றான். நடுக்கோடையில் கம்பளிக் கையுறை.

"உள்ள வாடா. ரூடிஸ் பூவைப் பாரு."

"நான் பூவைப் பாக்க வரலைக்கா." பல்லால் கடித்துக் கையுறைகளைக் கழற்றினான். இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்காகத் தழும்பு, பட்டையாக, வெடித்து. விரல்கள் முழுக்க நிமிரவில்லை. "அன்னிக்கு மூடுபனியே இல்லக்கா. வெளிச்சமாத்தான் இருந்துச்சு. அவன் கால்ல வலை சிக்கி இழுத்துட்டுப் போச்சு. கயிறு வீசினேன், பிடிச்சுட்டான். என்னையே பாத்துக்கிட்டிருந்தான்க்கா. கயிறு தோலோட உருவிக்கிட்டுப் போயிருச்சு. அவன் முங்கினது என் கண்ணு முன்னாடி. அப்புறம் வரவே இல்லை."

"இத்தனை மாசமா வாயில என்னடா வச்சிருந்தே?"

"நீங்க சுவீடன்னீங்க. சரி, இன்னிக்கு ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்னு விட்டேன். நாள் போகப் போக வாய் வரலை. இப்ப அந்தப் பொண்ணையும் இங்கயே உக்கார வச்சா..."

"வெளிய போ."

போனான்.

அல்வீனே முக்காலியில் ஏறி அந்த விரிசலுக்குள் விரலை விட்டாள். சில்லென்று ஈரம். பனி உருகிய நாளிலிருந்து கூரை ஒழுகும் இடம். அவளே அதற்குக் கீழே பாத்திரம் வைத்திருந்தாள். மில்டாவின் தண்டும் அவளுடையதும் அடுப்புப் பக்கத்துக் காய்ந்த உத்தரத்தில் இருந்தன. மகனுக்குச் செருகியது வேரை ஒட்டி அறுத்த தடித்த தண்டு, மொட்டு நிறைந்தது. எந்தத் தண்டு எங்கே எத்தனை நாள் தாங்கும் என்று இந்தக் கரையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் கை தெரிந்தேதான் செய்திருந்தது, அவளிடம் சொல்லாமல்.

பிறகு அந்தத் தண்டை உருவி, மற்ற இரண்டுக்கும் நடுவில் அடுப்புப் பக்கம் செருகினாள். மறுநாள் காலையில் அது தொங்கியிருந்தது. வாயில் தலைத்துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

"மூட்டையைக் கட்டிக்கோம்மா," என்றாள் மில்டாவிடம்.

"நீங்களும் வாங்க அத்தை."

"எண்ணெய் ஜன்னல்ல இருக்கு. பாதியில விட்டுட்டு எப்படி வர்றது?"

வண்டி கண்ணுக்கு மறைகிறவரை அவள் தெருவில் நின்றாள்.

கோடை முடிகிறபோது எண்ணெய் சிவந்தது. பழைய லினன் துணியில் பிழியாமல் வடிகட்டினாள். பிழிந்தால் கசடு இறங்கிவிடும். ஒரு சீசாவை நிரப்பி, மூடியை மெழுகால் அடைத்து எடுத்துக்கொண்டு அன்சிஸின் கொட்டகைக்குப் போனாள். அவன் எழுந்தான்.

"உக்காரு. கையைக் காட்டு."

"எனக்கு எதுக்குக்கா? படகுக்காரங்களுக்குக் கொடுங்க."

"அவங்களுக்கும் இருக்கு. ராத்திரி படுக்கப்போறப்போ பூசி, விரலை ஒவ்வொண்ணா நிமித்து. வலிக்கும். வலிச்சா என்னைத் திட்டிக்கோ. பூசின கையோட வெயிலுக்குப் போயிராதே, வெந்துபோகும்."

அன்சிஸ் கைகளை நீட்டினான். நிமிராத விரல்களுக்குள் சீசா சரியாக உட்காரவில்லை. அவன் இரண்டு கைகளும் சேர்ந்து அதைப் பிடிக்கும்வரை அல்வீனே தன் கையை எடுக்கவில்லை.