காருக்குப் போட்ட மாவுக்கட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் அம்பத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கம்பவுண்டராக இருந்தேன். முன்னறையில் நோயாளிகள், பின்னறையில் மருந்து அலமாரியும் சில கட்டில்களும். அதுதான் எங்கள் ஆஸ்பத்திரி. வாசலில் வேப்பமரத்தடியில் அவருடைய கார் நிற்கும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விற்ற பழைய வண்டி. வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ பிரசவங்களுக்கு அது ஓடியிருக்கிறது.

பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும், பலரையும் போல அவரும் வண்டியின் முதுகில் கரி உலை ஒன்றை மாட்டிக்கொண்டார். ஆள் மார்பளவு இரும்புப் பீப்பாய். அதற்குள் அடுப்புக்கரி கனியும். அதிலிருந்து வருகிற வாயு வண்டிக்கு அடியில் நீளமான குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். காலையில் எழுந்ததும் உலையைப் பற்றவைத்து, குழாயின் எஞ்சின் முனையில் உள்ள ஊதுவிசிறியைக் கையால் சுற்றிக் காற்றை உலை வழியாக இழுக்கவைத்து, கரி சிவந்த பிறகுதான் வண்டி புறப்படும். மற்ற ஊர்களில் கரிக்கார் வைத்திருந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். டாக்டரம்மாவைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சாம்பலைத் தானே அள்ளிக் கொட்டுவார். "உலையைச் சுத்தம் பண்றவங்களுக்குத்தான் அதோட குணம் தெரியும்" என்பார்.

ஒருநாள் காலை திருநின்றவூர் ஏரிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஆள் வந்தது. முந்தைய நாளே வலி எடுத்த பெண்ணுக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. வயல் நடுவே குண்டும் குழியுமான பாதையில் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே வெளியே வந்தார். குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன்தான் செய்யவேண்டும் என்று அந்தப் பெண்ணின் புருஷனிடம் சொன்னார். அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், உழுது பிழைக்கிற மனிதர். சரி என்று தலையை ஆட்டினார்.

நான் போய் காரின் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினேன். எஞ்சின் சுழன்றது. பற்றிக்கொள்ளவில்லை. மறுபடி சுற்றினேன். கை ஓய்ந்ததுதான் மிச்சம். அதற்குள் அக்கம்பக்கத்து ஆண்கள் கூடிவிட்டார்கள். தள்ளிப் பார்க்கலாம் என்று ஆளுக்கொரு பக்கம் கை வைத்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

டாக்டரம்மா வேண்டாம் என்றார். கோளாறு என்னவென்று தெரியாமல் தள்ளினால் உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும் என்றார். பிறகு புருஷனைப் பார்த்து, வீட்டு மாட்டு வண்டியைப் பூட்டி, நிறைய வைக்கோல் பரப்பித் தயாராக வைக்கச் சொன்னார்.

"கார் கெளம்பாதா டாக்டரம்மா?" என்று அவர் கேட்டார்.

"தெரியலை. பார்க்கிறேன். இதை மட்டும் நம்பி உங்க சம்சாரத்தைப் படுக்கப் போட்டு வைக்க மாட்டேன். காலை ரயில் போயிடுச்சு. ஆனா மெயின் ரோட்டுக்குப் போயிட்டா, ஆவடிக்குப் போற பட்டாள லாரி ஏதாவது வரும். கைகாட்டி நிறுத்தலாம்."

வேறு யாராக இருந்தாலும் தன் வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், அல்லது அதை உதறிவிட்டு ஓடியிருப்பார்கள். அவர் இரண்டும் செய்யவில்லை. நோயாளியைப் பரிசோதிக்கிற அதே நிதானத்தோடு பானெட்டைத் திறந்தார். ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இரும்புக்கு அருகே பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொன்னார். 'டிக் டிக்' என்று நீலப்பொறி தெறித்தது. மின்சாரத்தில் குறையில்லை. பின்னால் போய் உலையின் மூடியைத் திறந்தார். கரி நன்றாகச் சிவந்திருந்தது, ஈரம் இல்லை. ஊதுவிசிறியைச் சுற்றச் சொல்லி, வாயு வெளியே வருகிற வாயில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். நல்ல வாயுவாக இருந்தால் அங்கே நீல ஜுவாலை நின்று எரியும். குச்சி அணைந்துவிட்டது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது.

"நெருப்பு நல்லா இருக்கு. பொறி நல்லா இருக்கு. நடுவுல எங்கேயோ வெளிக்காத்து கலக்குது" என்றார்.

வீட்டிலிருந்து ஊதுவத்தி கேட்டார். உள்ளே இருந்த அந்தப் பெண்ணின் மாமியார், சாமிக்கு ஏற்றத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கற்பூரமும் சேர்த்துக் கொடுத்தனுப்பினாள். டாக்டரம்மா கற்பூரத்தைப் பத்திரமாகத் திண்ணையில் வைத்துவிட்டு, ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். நான் விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். குழாயின் ஒவ்வொரு இணைப்பருகிலும் வத்தியைக் காட்டிக்கொண்டே போனார். புகை நேராக மேலே போனது. குழாய் வளைகிற இடத்துக்கு வந்ததும், "இங்கே வந்து பாருங்க கம்பவுண்டர்" என்று கூப்பிட்டார். விசிறியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். புகை சட்டென்று மடங்கி, நூல் மாதிரி, இரும்புக்குள் போய்க்கொண்டிருந்தது. கரிப்பிசுக்கைத் துடைத்ததும் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. வந்த பாதையில் ஏதோ ஒரு கல் அடித்திருக்கவேண்டும்.

விரிசலைப் பற்றுவைத்து அடைக்க ஆள் தேடவேண்டுமென்றால் பூந்தமல்லிக்குத்தான் போகவேண்டும். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்:

"மேனாம்பேட்டுக்காரர் கைக்கு எடுத்துவந்த மாவுத்துணி பெட்டியில இருக்குதானே?"

திரும்புகிற வழியில் மேனாம்பேட்டில் ஒருவருக்குக் கைமுறிவுக்குக் கட்டுப்போடுவதாக இருந்தோம். அதற்கான துணிச்சுருளை எடுத்து வந்தேன். ஒரு சட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மறுபடி வண்டிக்கு அடியில் போய், குழாயின் வளைவில் சுற்று மேல் சுற்றாகச் சுற்றினார். முழங்கைக்குப் போடுவது போலவே, மேலிருந்து கீழாக, ஒன்றின்மேல் பாதி இன்னொன்று படும்படி. உள்ளங்கையால் தடவி வழவழப்பாக்கினார். அவசர வேலைதான், அப்படியும் ஓரம் பிசிறாமல் மடித்துவிட்டார்.

வெளியே வந்தவர், கட்டு இறுகும்வரை காத்திருக்கப் போவதில்லை என்றார். அந்தப் பெண்ணை மாட்டு வண்டியில் படுக்கவைத்து, மாமியாரோடு தானும் ஏறிக்கொண்டார். ஏரிக்கரை வழியாக மெதுவாகப் போய்க்கொண்டிருப்போம் என்றார்.

"நகத்தால தட்டிப் பாருங்க. 'டொக்'குன்னு கேட்ட பிறகு கிளப்புங்க. கிளம்பிடுச்சுன்னா நீங்களே ஓட்டிக்கிட்டு வந்துடுங்க."

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டியதே இல்லை. அது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மாடுகளை ஓட்ட, வண்டி நகர்ந்துவிட்டது.

புருஷன் என்னோடு இருந்தார், ஹேண்டில் சுற்ற. அவர் பீப்பாயையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தினி வேல தெரிஞ்சவங்க கையில என் ஊட்டுக்காரி கீறா. ஒண்ணும் ஆவாது" என்றார், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல்.

கட்டு இறுகியது. தீக்குச்சி காட்டினேன். நீல ஜுவாலை பற்றி, ஆடாமல் நின்றது. கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதீர்கள், ஹேண்டில் எதிர்த்து அடித்தால் எலும்பு போய்விடும் என்று எச்சரித்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். அவர் ஒரே மூச்சில் சுற்றினார். இருமலும் செருமலுமாக எஞ்சின் பற்றிக்கொண்டது.

ஏரிக்கரையில் மாட்டு வண்டியைப் பிடித்தோம். பெண்ணைப் பின்சீட்டுக்கு மாற்றினோம். டாக்டரம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். எனக்கு அவர் சொன்னது, "குழியில விடாம கொண்டுவந்திருக்கீங்க" என்பது மட்டும்தான். அன்று முழுக்க எனக்கு அது போதுமாயிருந்தது. ஆவடி தாண்டி, அம்பத்தூர் தாண்டி, கரி போடுவதற்கு ஓரிடத்தில் நிறுத்தியதைத் தவிர நிற்காமல் எழும்பூர் போய்ச் சேர்ந்தோம். மத்தியானம் ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. அழுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது, பிறகு அழுதது. தாயும் பிழைத்தாள். சேதி கேட்ட புருஷன் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த பிறகு நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். உலையில் கரி போட்டு, விசிறியைச் சுற்றி, வண்டியைக் கிளப்பினேன். கார் கிளம்பாமலே போயிருந்தால் என்னம்மா செய்திருப்போம் என்று கேட்டேன்.

"மாட்டு வண்டியிலேயே போயிருப்போம். நேரம் ஆகியிருக்கும்" என்றார். முன்பக்கம் நடந்துகொண்டே, "குழந்தை இருந்திருக்காது" என்றார்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தவர் ஏறவில்லை. தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வெள்ளை மாவு நக இடுக்கில் இன்னும் ஒட்டியிருந்தது.

"கண்ணை இழுக்குது. நீங்களே ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் உட்கார்ந்தார். மேனாம்பேடு வருவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டார்.