மேரிக்கு வந்த தாடை வலி

காக்களூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் மேரிக்கு பேக்கிங் வேலை. வயது ஐம்பதை நெருங்குகிறது. வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போவாள். சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினால் போடமாட்டாள்.

பக்கத்து மேஜையில் கங்கம்மா. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று தொடங்கிய சண்டை, கோடை முடிந்தும் தீரவில்லை.

ஆடி மாதம் முழுக்க மேரிக்கு ஒரே அசதி. ஸ்டேஷன் படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தாடை வலித்தது. வலி முதுகுக்கும் பரவி, வயிற்றைப் புரட்டியது. காலையில் தின்ற பூரிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள்.

கங்கம்மா கவனித்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னா மேரி, இப்டி வேர்த்து ஊத்துது?"

"கேஸுதான். சோடா குடிச்சா சரியாப் பூடும்."

"தாடையப் புடிச்சிக்கினே கீற?"

"பல்லு வலி. நீ போய் வேலையப் பாரு."

"எங்க அக்காவும் கேஸுன்னுதான் சொல்லிச்சி. சொல்லிட்டுப் படுத்தது, எழுந்துக்கவேயில்ல."

கங்கம்மா மேரியைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, சூப்பர்வைசர் அன்புசெல்வனைக் கூப்பிட்டாள்.

"சார், நூத்தியெட்டுக்கு போன் போடுங்க. ஹார்ட்டு மாதிரி கீது."

"நெஞ்சு வலிக்குதாம்மா?" என்று அவர் மேரியைக் கேட்டார்.

"வலியில்ல சார். லேசா இறுக்குது."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் வந்ததும், நடந்தே போய் ஏறுகிறேன் என்று மேரி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கங்கம்மாவும் கூட ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு. அன்றே ரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் டாக்டர் கல்பனா, மேரியின் கணவர் ஜோசப்பிடம் நிதானமாக விளக்கினார்.

"மாரடைப்புன்னா நெஞ்சு வலிதான் அதிகமா வரும். ஆனா பெண்கள் சிலருக்கு தாடை, முதுகு வலி, வாந்தி, மூச்சுத் திணறல்னு வரும். சர்க்கரை இருந்தா வலியே தெரியாமலும் போகலாம். சீக்கிரம் கூட்டிட்டு வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு."

சாயங்காலம் கங்கம்மா பார்க்க வந்தாள். மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன்னாண்ட பேசாமலே இருந்தேனே கங்கம்மா."

"அத்த வுடு. கஞ்சி குடிச்சியா?"

இப்போது மேரி மாத்திரையைத் தவறவிடுவதில்லை. டாக்டர் சொன்னபடி காலையில் நடக்கிறாள். ஜெபத்தில் தன் பிள்ளைகளுக்கு முன்னால் கங்கம்மா பெயரைச் சொல்கிறாள். அதோடு விடவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் லீவு நாளில் கங்கம்மா வீட்டுக்கே போய் நின்றாள்.

"கெளம்பு. பிரஷர் பாத்துக்கினு வரலாம்."

"எனக்கு இன்னா நோவு?"

"உங்க அக்காவுக்கு வந்தது உனக்கும் வரலாம். வா."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது கங்கம்மாவுக்கு ரத்த அழுத்தம் மிக அதிகம். மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் கங்கம்மா புலம்பிக்கொண்டே வந்தாள்.

"உப்பில்லாம சோறு எப்டி எறங்கும்?"

"எறங்கும். மொத வாரந்தான் பேஜாரு," என்றாள் மேரி.