கையகலக் குளம்

மலைமேல் இருக்கும் அந்தக் கல் வளைவையும், அதன் காலடியில் அசையாமல் கிடக்கும் குளத்தையும் செல்போனில் பார்க்காதவர்கள் குறைவு. வளைவு நிஜம். குளம்தான் புளுகு. வளைவுக்கு முன்னால் இருப்பது வண்டி திருப்புவதற்காக எப்போதோ போட்ட சிமெண்டுத் தரை. செல்போன் லென்சுக்குக் கீழே கையகலக் கண்ணாடி ஒன்றை ஒட்டிப் பிடித்தால் வானமும் வளைவும் அதில் தலைகீழாக விழும். படத்தில் அது தண்ணீராகிவிடும். அப்படிப் பிடிப்பதுதான் கண்ணாடிக்காரனின் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்காவது குளம் வெட்டிக் கொடுப்பான்.

வருகிறவர்கள் டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் வெயிலில் வெந்து, கடைசியில் தரையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். படத்தைக் கையில் கொடுத்ததும் சுளிப்பு போய்விடும். ஏமாந்ததை வெளியே சொன்னால் மானக்கேடு என்று, "சொர்க்கம்" என ஒரு வரி எழுதி நாலு பேருக்கு அனுப்பிவைப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் இந்தக் குளம் வற்றாமல் இருப்பது அவர்களால்தான்.

அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடியின் பெயரே குளம். விரல் ரேகை பட்டால் குளத்தில் பாசி. கை தவறி விழுந்தால் குளம் உடைந்தது. இந்தப் பேச்சுதான் வினையாகப் போயிற்று. கண்ணாடிக்காரன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரிலிருந்து அவன் அக்கா போனில் என்ன வேலை என்று கேட்க, ஒரு குஷியில், "குளமே என் கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டான். அதற்கு முன் மூன்று இடத்தில் சேர்ந்து ஒன்றிலும் நிலைக்காதவன். தம்பி ஒரு குளத்துக்கே பொறுப்பாகிவிட்டான் என்று அக்கா போனிலேயே அழுதாள். அந்த அழுகைக்குப் பிறகு திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு நாள், பாசி துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்றபோது, வழுக்கும், பார்த்து இறங்கு என்றாள். சரி என்றான். அப்படிச் சரி சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

நான்கு வருடம் இப்படியே ஓடியது. போன வாரம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். ஊரில் அவளும் மாமாவும் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று நின்று அவளுக்குக் குதிகால் இரண்டும் வெடித்துக் கிடக்கும். மாமா கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்ததால் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக வந்திருந்தாள். தம்பி பேரைச் சொல்லி முந்திக்கொள்ளக் கூடாது என்று வரிசையில்தான் நின்றாள்.

இவன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். பார்த்ததும் என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடியை டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டு வளைவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். கூடப் பிறந்தவள் வெயிலில் நிற்க, நாற்பது வயது ஆம்பிளை நிழலில் பதுங்கியிருந்தான்.

அக்காவின் முறை வந்தது. முன்னால் வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் இறங்குவது என்று தேடினாள். கொதிக்கிற சிமெண்டில் அந்தக் கால்களைப் பார்த்ததும் அவனால் பொறுக்க முடியவில்லை. ஓடி வந்தான்.

"குளம் எங்கடா?"

"இந்த வருஷம் வத்திப்போச்சுக்கா."

ஒளிந்தது போதாதென்று பொய் வேறு. டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வழக்கம்போலக் கண்ணாடியை அவனிடம் நீட்டி, "அண்ணே, குளத்துல ஒரே பாசி. துடைச்சுக் குடுங்க" என்றாள்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அந்த நேரம் பார்த்து மாமாவின் போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். தம்பி குளத்தை நல்லபடியாக வைத்திருக்கிறானா என்றார் மாமா.

"நல்லா வச்சிருக்கான். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

"காலை நனைச்சியா?"

"நனைச்சேன். ஜில்லுனு இருக்கு."

சொல்லிக்கொண்டே சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றாள். தேய்க்கும்போது ஒரு சட்டை லேசாகக் கருகினாலும் தானே வீடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறவள் அவள். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். கட்டுப் பிரித்ததும் வேன் பிடித்துத் தெருவையே கூட்டி வருவதாகச் சொன்னார்.

அவன் போனை வாங்கினான். "மாமா, இங்க குளமே இல்ல. ஒரு கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ்வளவுதான். நாலு வருஷமா உங்களை ஏமாத்திட்டேன்."



"நீ ஏமாத்தினது இருக்கட்டும். உங்கக்கா இப்ப எதுக்குப் பொய் சொன்னா?"

அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்காகத்தான் மாமா" என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.