தனா அண்ணனின் நீளத்துக்கு ஒரு பெட்டி

தனா அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, கிள்ளான் வீட்டில், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே... ஹார்ட் அட்டாக்.

ஒரே தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தோம். அவர் லோரி டிரைவர், நான் ஸ்டோர் கிளார்க்.

ஆள் ஆறடி நாலு அங்குலம். ஸ்டோர் கதவில் தலையை இடித்துக்கொள்ளாத நாளே கிடையாது. இடித்ததும் கதவிடம் சாரி வேறு சொல்வார்.

கம்பெனி கொடுக்கிற பேண்ட் அவருக்கு மட்டும் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். "வெள்ளம் வந்தா நான் ரெடி லா" என்பார்.

ஒருநாள் கேரி தீவுக்குச் சரக்கு கொண்டு போனோம். அவர் பிறந்த தோட்டம் அங்கேதான். லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு, தன் அப்பா இறந்ததைப் பற்றிச் சொன்னார். அப்பாவும் இவரைப் போலவே நெட்டை. அன்றைக்குக் கிடைத்த சவப்பெட்டியில் முட்டியை மடக்கித்தான் வைத்தார்களாம்.

"எனக்கு அப்படி வேணாம்டா" என்றார். ரேடியோவைப் போட்டுவிட்டு லோரியை எடுத்தார்.

நேற்று அவர் மனைவி லீலா அண்ணி என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். அண்ணியிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறார். ஸ்டோரில் அளவு பார்த்தவன் நான், அதனால் பெட்டி எடுக்கவும் நான்தான் கூட வர வேண்டுமாம். டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் கடையில் எல்லாமே பளபள. கண்ணாடி மூடி, சாட்டின் துணி... நீளம்தான் இல்லை.

"கொஞ்சம் மடக்கி வச்சா வெளிய தெரியாது பாஸ்" என்றார் கடைக்காரர். எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன், அண்ணிதான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

இரண்டாவது கடை ஒரு சீன அங்கிளுடையது. நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசினார். நின்ற உயரம் போதாது, படுத்தால் பாதம் முன்னால் சாயும், இன்னும் அரை அடி வேண்டும் என்றார். அரை அடியை நான் யோசிக்கவே இல்லை.

கடையின் பின்பக்கம் ஒரு பெட்டி இருந்தது. அளவு தப்பி நீளமாகச் செய்துவிட்டார்களாம், யாரும் வாங்கவில்லையாம். வார்னிஷ் சுமார்தான். ஒரு கைப்பிடி வேறு நிறம்.

சேலைக்கு ஏற்ற வளையல் இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகாதவர் அண்ணி. அந்தக் கைப்பிடியைப் பார்க்கவே இல்லை. "டேப்ப வை தம்பி" என்றார்.

வைத்தேன். இரண்டு தடவை அளந்தேன். அரை அடியும் போக, மிச்சமும் இருந்தது.

மின்சுடலைக்கு போன் செய்து, இவ்வளவு நீளம் உள்ளே போகுமா என்று கேட்டேன். போகும் என்றார்கள். அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி. சாவு வேலையாக வந்த இடத்தில் சிரிப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

இன்று காலை அவரைப் பெட்டியில் வைத்தோம். அண்ணி அவர் பாதத்துக்கு அப்பால் கையை வைத்துப் பார்த்தார். ஒரு சாண் இடம்...

"கட்டில்லகூட குறுக்காலதான் படுப்பாரு தம்பி. இன்னிக்குத்தான் நேரா படுத்திருக்காரு."

அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனாலும் நேற்றிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது.

மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறோம். தெரிந்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள்.

நல்லா காலை நீட்டிப் படுங்க, அண்ணே.