ஷேர் மார்க்கெட்டில் என் விரலைப் பிடித்த கை

என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்த அல்லாஹ்வுக்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். சகோதரர்களே, சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது எனக்குத்தான் தெரியும்.

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் என் ஒரே மகள் சபியா பென்னாகரத்தில் காய்ச்சலாகக் கிடந்தாள். தர்மபுரி டாக்டர் ஊசி போட்டார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். என்ன காய்ச்சல் என்று அவருக்கே தெரியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, கண்ணைத் திறக்கவில்லை. நான் உடைந்துபோனேன். என்னால்தான் அவளுக்கு இப்படி ஆகிவிட்டதோ என்ற பயம் வேறு. ஏன் என்று சொல்கிறேன்.

வாங்கி விற்பதுதான் என் தொழில். மாட்டுச் சந்தையில் தரகனாக ஆரம்பித்தேன். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். சம்மதம் இல்லையென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். உருவாவிட்டால் பேச்சு தொடரும். பிறகு தர்மபுரியில் ஒரு புளி மண்டிக்குப் போனேன். அங்கே பழக்கமான ஒருவர் என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஷேர் மார்க்கெட்டில் சேர்த்துவிட்டார். பாங்க் குமாஸ்தா, கணக்கு வாத்தியார், பஞ்சு வியாபாரி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அந்தக் கூடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நானும் கத்தினேன். சொந்தப் பொறுப்பில் வாங்கி அன்றைக்கே விற்கிறவனுக்கு அங்கே ஜாபர் என்று பேர். நானும் ஜாபர் ஆனேன்.

ஒரு நாள் காலை, அந்தக் கூட்டத்தின் நடுவே யாரோ என் வலது கை விரல்களைப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. பிடி மட்டும் இருந்தது, சில்லென்று, ஈரமாக. சந்தையில் பிடிப்பது போலவே விரல்களை அழுத்தி, நான் அப்போது கேட்டுக்கொண்டிருந்த ஷேருக்கு ஒரு விலை சொன்னது. மத்தியானம் அந்த ஷேர் அதே விலைக்குப் போனது. அப்புறம் தினமும் வந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கைராசிக்காரன் என்று பேர் எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை நான் உருவவில்லை.

முத்தண்ணன் என்று வயதான ஜாபர் ஒருவர் எங்களோடு இருந்தார். ஓசூர்ப் பக்கத்து ஆள். வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே மாட்டார். ஒரு நாள் டீக்கடையில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் வந்துருச்சாப்பா?" என்றார்.

"என்னதுங்கண்ணா?"

"எனக்கும் ரெண்டு பசங்க இருந்தாங்க."

அவ்வளவுதான். டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். அந்த வாரமே எனக்குத் தந்தி வந்தது, சபியாவுக்கு முடியவில்லை என்று.

அடித்துப் பிடித்து ஊர் வந்தேன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு முடிந்த நேரம். அந்தக் கை வந்து பிடித்தது. அதுவரை என் வீட்டுக்குள் அது வந்ததே இல்லை. இந்த முறை விலை சொல்லவில்லை. ஐந்து விரலையும் மொத்தமாகச் சேர்த்து இறுக்கியது. சந்தையில் அப்படிப் பிடித்தால் பேரம் முடிந்தது, மாட்டை அவிழ்த்துக் கொடு என்று அர்த்தம். இத்தனை நாளும் அது எனக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கவில்லை, விலை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எதை வாங்குவதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

கையை உருவப் பார்த்தேன். அது விடவில்லை.

"ஏங்க, என்னாச்சுங்க? கைய ஏன் இப்படி முறுக்குறீங்க?" என்று என் மனைவி ஜமீலா ஓடி வந்தாள்.

"புள்ளைய கேக்குது ஜமீலா! துஆ கேளு! சீக்கிரம் கேளு!"

அல்லாஹ்விடம் துஆ கேட்கும்போது இரண்டு கையையும் விரித்து ஏந்துவோம். எனக்கு இடது கைதான் விரிந்தது. மூடிக்கிடந்த என் வலது கைக்குக் கீழே ஜமீலா தன் கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள். "யா அல்லாஹ், வந்த வரும்படி எல்லாம் போகட்டும். இந்தக் கையே போகட்டும். என் பிள்ளையைக் காப்பாத்து" என்று கதறினேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. என் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கை மரத்துப்போனது.

சபியாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்தாள். தன் வலது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தா, அவரு போயிட்டாருங்களா?" என்றாள். "எங்கைய புடிச்சு வா வான்னு இழுத்துட்டே இருந்தாருங்க."

நான் பெங்களூருக்குத் திரும்பவில்லை. அங்கே சம்பாதித்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஊரிலேயே சின்னதாகப் புளிக்கடை வைத்தேன். இன்றைக்கும் என் வலது கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை. சபியா இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

சகோதரர்களே, தப்பிக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், தயங்காமல் அல்லாஹ்விடம் கேளுங்கள். முழுசாகக் கேட்க முடியவில்லையே என்று நிற்காதீர்கள். அன்றைக்கு நான் ஏந்தியது ஒரு கைதான். அதற்கே அவன் கொடுத்தான்.