ஸ்க்ரூ கம்பெனி வீடு

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு ஒரே பெயர்தான்: ஸ்க்ரூ கம்பெனி. கம்பெனியை மூடி, மிஷின்களை விற்று, நடுவில் சுவர் எழுப்பி, ஆறு போர்ஷனாக்கி வாடகைக்கு விட்ட பிறகும் தபால்காரர் முதல் பால்காரர் வரை யாரும் மாற்றிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை 'மறை கழண்டவன்' என்றார்கள். ஸ்க்ரூ கம்பெனியில் குடியிருப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

எண்பதுகளின் நடுவில் அங்கே குடிபோனோம். கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. தடுப்புச் சுவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டதால் பக்கத்துப் போர்ஷனில் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். மழைக்காலத்தில் தரையிலிருந்து மிஷின் எண்ணெய் வாசனை கிளம்பும். ஹாலின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் மேடை. பெரிய மிஷின் நின்ற இடம் அது. உடைக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்களாம். அதில்தான் சாப்பிட்டோம், படித்தோம், துணிக்கு இஸ்திரி போட்டோம், விருந்தாளி வந்தால் பாய் விரித்துப் படுக்க வைத்தோம்.

அம்மாவுக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்திருந்தது. முன்பிருந்த வீடுகளில் ஆணி அடிக்காதே, தண்ணீரை இறைக்காதே என்று எப்போதும் ஒரு சட்டம் இருக்கும். இங்கே ஓனரம்மா மேற்குத் தாம்பரத்தில் இருந்தார். கணவர் கட்டிய கட்டடம். அவர் இறந்த பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை.

முதல் வருஷம் ஆயுத பூஜை அன்று காலையில் கதவைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள், கையில் வாழைக்கன்று, பொரி மூட்டை, பூசணிக்காய். கம்பெனியில் ஃபோர்மனாக இருந்தவர் முன்னால் நின்றார்.

"பூஜை போடணும்மா. அரை அவர்ல முடிச்சிடுவோம்."

"இது வீடுங்க. மிஷினெல்லாம் எப்பவோ போயாச்சு" என்றாள் அம்மா.

"மிஷின் போனா இன்னாம்மா, மேடை கீதே."

அப்பா உள்ளே விட்டார். மேடையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார்கள். வாழைக்கன்று கட்டியவர் ஒரு முஸ்லிம் பாய். கம்பெனி ஓடிய காலத்திலிருந்தே அது அவர் வேலையாம், வேறு யாரையும் தொட விடவில்லை. எல்லோரும் இப்போது திருமுடிவாக்கத்திலும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கமும் வேலையில் இருந்தார்கள். ஆனால் பேச்சு மட்டும் 'நம்ம கம்பெனி'தான். 'நம்ம கம்பெனில நான் லேத் பாக்கறேன்' என்பார்கள். அவர்கள் அகராதியில் இறந்தகாலமே கிடையாது.

யாரோ வந்து நம் வீட்டுக்குள் சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள். மறுவருஷம் அவளே மேடையைக் கழுவி, சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டு வைத்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓனரம்மா கட்டடத்தை விற்கப் போகிறார் என்று செய்தி வந்தது. வாங்குபவர் இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டுவாராம். ஆறு குடும்பமும் காலி செய்ய வேண்டும். அக்கா அப்போது ப்ளஸ் டூ. அம்மா சரியாகச் சாப்பிடுவதை விட்டாள். மேடையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். மறுபடியும் வீடு தேட அவளுக்குத் தெம்பில்லை.

வாங்குபவர் நல்ல நாள் பார்த்து இடத்தைப் பார்க்க வந்தார். அது ஆயுத பூஜை நாள். கதவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, உள்ளே சூடப் புகை, மேடையைச் சுற்றி வெள்ளைச் சட்டைகள். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காலி ஷெட்டுன்னு சொன்னாங்களே. எத்தனை பேர் வேலை செய்யறீங்க?"

"இப்போ பத்து பேர் கீறோம் சார். ரெண்டு பேரு லீவு" என்றார் ஃபோர்மன். வர முடியாத இரண்டு பேரைத்தான் அப்படிச் சொன்னார்.

"யூனியன் இருக்கா?"

"இல்லாமயா சார்? நான்தான் செக்ரட்டரி."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா தட்டோடு நடுவில் புகுந்தாள்.

"பொரி எடுத்துக்குங்க சார்."

அவர் பொரியை மென்றபடி சுற்றிலும் பார்த்தார். எங்கள் கட்டிலையும் டிவியையும் பார்த்து என்ன நினைத்தாரோ. வாட்ச்மேன் குடும்பம் என்று நினைத்திருக்கலாம். யூனியன் உள்ள கம்பெனியைக் காலி செய்ய வைப்பதற்குள் தலை நரைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். காரில் ஏறிப் போனவர் திரும்பி வரவேயில்லை.

"யாரும்மா அவரு?" என்றார் ஃபோர்மன். அம்மா விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டார். "நான் தப்பா எதுனா சொல்லிட்டனா?"

"இல்லண்ணா. சரியாத்தான் சொன்னீங்க" என்றாள் அம்மா.

சில நாள் கழித்து ஓனரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். நாங்கள் குடிவந்த பிறகு அவர் உள்ளே கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"கம்பெனி ஓடுதுன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா. அவங்க வருஷா வருஷம் வந்து பூஜை போடறாங்க. இந்த வருஷமும் போட்டாங்க, அவ்வளவுதான்."

"வருஷா வருஷமா?" என்று கேட்டவர் மேடையருகே போனார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி விற்கிற பேச்சில்லை என்று அவர் சொன்னபோது அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் கல்யாணமும் என் கல்லூரிப் படிப்பும் அந்த வீட்டில்தான் நடந்தன. அந்தப் பத்துப் பேருக்கும் இன்றுவரை மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

அன்று கிளம்பும்போது ஓனரம்மா வாசலில் தயங்கினார். "அடுத்த வருஷம் பூஜைக்கு நானும் வரலாமா?"

சொந்தக் கட்டடத்துக்கு வர எங்களிடம் அனுமதி கேட்கிறார். அம்மா தரையிலிருந்து எழுந்தாள்.

"வாங்கம்மா. ஆனா வெள்ளனவே வந்துடுங்க, அப்புறம் நிக்க இடம் இருக்காது."